கல்லூரி மாறினால் ஆட முடியுமா? அமெரிக்க விளையாட்டு மாணவர்களுக்கு ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

டென்னிஸுக்கோ நீச்சலுக்கோ ஸ்காலர்ஷிப் வாங்கி அமெரிக்கா போன பிள்ளை, இரண்டாம் ஆண்டில் ஆட வாய்ப்பில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. தேர்ந்தெடுத்த கோச் வேறு பல்கலைக்குப் போய்விட்டார். புது கோச் தனக்குத் தெரிந்த நாலு பேரை அழைத்து வந்திருக்கிறார். வேறு கல்லூரிக்கு மாறலாம் என்றால், "மாறினால் ஒரு வருஷம் ஆட விடமாட்டார்களாமே?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள்.

அந்தப் பயம் பழையது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு, மாற விரும்புபவர்களின் பெயர் ஏறும் இணையப் பட்டியலான இடமாற்றப் போர்ட்டலை 2018 அக்டோபரில் திறந்தபோது, மாறுவதற்குப் பழைய கல்லூரியின் அனுமதி வேண்டும் என்ற நிலை போனது. 2021-ல் எல்லா விளையாட்டுக்கும் ஒரு முறை மாறி உடனே ஆடும் சலுகை வந்தது. இரண்டாம் முறை மாறுபவர்களை உட்கார வைத்த விதியை எதிர்த்து ஒஹாயோ உள்ளிட்ட மாநிலங்கள் வழக்குப் போட, 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியா மத்திய நீதிமன்றம் தடை விதித்தது. 2024 ஏப்ரலில் டிவிஷன் 1 (என்சிஏஏவின் மூன்று பிரிவுகளில் மேல்மட்டம்) விதியையே மாற்றிவிட்டார்கள். எத்தனை முறை மாறினாலும், படிப்புத் தகுதி சரியாக இருந்தால் உடனே ஆடலாம்.

அந்த "சரியாக இருந்தால்" என்ற இடத்தில்தான் இப்போது ஆட்கள் விழுகிறார்கள். முன்பு கோச்சும் கல்லூரியும் நிறுத்தினார்கள். இன்று நிறுத்துவது கிரெடிட் (தேறிய ஒவ்வொரு பாடத்துக்கும் தரும் அலகு) கணக்கு. கீழே உள்ளவை 2025-26 கல்வியாண்டு நிலவரம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஒன்று, கிரெடிட். டிவிஷன் 1-ல் மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டத்துக்குத் தேவையான கிரெடிட்டில் 40 சதவீதமும், நான்காம் ஆண்டில் 60 சதவீதமும், ஐந்தாம் ஆண்டில் 80 சதவீதமும் முடித்திருக்க வேண்டும். இது போக, முதலாண்டு முடிவில் 24 செமஸ்டர் கிரெடிட், அதன்பின் ஒவ்வொரு கல்வியாண்டிலும் 18, ஒவ்வொரு செமஸ்டரிலும் குறைந்தது 6 எடுத்திருக்க வேண்டும். மாறி வந்தவருக்கு இந்தச் சதவீதத்தைப் புதிய கல்லூரி, தன் பட்டத்தை வைத்துப் போடும். மூன்றாம் ஆண்டு தொடக்கத்தில் எந்தப் பட்டம் என்று அறிவித்தாக வேண்டும். அதன்பின் அந்தப் பட்டத்துக்குப் பொருந்தும் பாடங்கள் மட்டுமே எண்ணிக்கையில் வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு செமஸ்டர் முடித்த மாணவியிடம் 62 கிரெடிட் இருக்கிறது. புதிய பல்கலை அதில் 56-ஐ ஏற்றுக்கொள்கிறது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் கிரெடிட்டை ஏற்பது வேறு, பட்டத்தில் சேர்ப்பது வேறு. அவள் கேட்கும் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பட்டத்துக்கு மொத்தம் 128 கிரெடிட் வேண்டும்; கொண்டுவந்த 56-ல் 43 தான் அதற்குப் பொருந்துகிறது. 128-ல் 40 சதவீதம் 51.2. ஒன்பது கிரெடிட் குறைகிறது. கோடையில் மூன்று பாடம் எடுத்துத் தேறினால் 52 ஆகி, தப்பித்துவிடுவாள். இல்லையென்றால் அணியோடு பயிற்சி செய்யலாம், போட்டியில் இறங்க முடியாது. அதே மாணவி 120 கிரெடிட் பொருளாதாரப் பட்டம் கேட்டு, அதில் 51 பொருந்தினால், தேவை 48 தான். முதல் போட்டியிலேயே ஆடலாம். விளையாட்டு மாணவர்கள் பலர் "பொதுக் கல்வி" மாதிரியான பட்டங்களில் போய் முடிவது இப்படித்தான். இன்ஜினியரிங்கோ நர்சிங்கோ படிக்கும் பிள்ளைக்கு, இரண்டாம் ஆண்டுக்குப் பின் மாறுவது முதலாண்டு முடிவில் மாறுவதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

ஆண்டைச் செமஸ்டராக இல்லாமல் குவார்ட்டராகப் பிரிக்கும் கல்லூரியிலிருந்து வருபவர்கள் மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துக் கணக்கிடவும்: 90 குவார்ட்டர் கிரெடிட் என்பது 60 செமஸ்டர் கிரெடிட். டி கிரேடு வாங்கிய பாடங்களைப் பெரும்பாலான கல்லூரிகள் ஏற்பதில்லை.

இரண்டு, கடிகாரம். டிவிஷன் 1-ல் ஐந்து ஆண்டுக்குள் நான்கு சீசன். ஏதாவது ஒரு கல்லூரியில் முழுநேர மாணவராகச் சேர்ந்து வகுப்புக்குப் போன நாளில் கடிகாரம் ஓடத் தொடங்கும். நின்றாலும் மீட்டர் ஓடும் ஆட்டோ போல, படிப்பை நிறுத்தி ஓராண்டு ஊருக்கு வந்தாலும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். ராணுவ சேவை, கர்ப்பம், மதப் பணி போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. டிவிஷன் 2, 3 இரண்டிலும் கணக்கு வேறு: 10 செமஸ்டர், அதுவும் முழுநேரமாகப் பதிந்த செமஸ்டர் மட்டும்.

மூன்று, பணம். ஸ்காலர்ஷிப் தொகை மட்டும் பணமல்ல. பெற்றோர் நியூ ஜெர்சியிலோ டெக்சாஸிலோ இருந்து, பிள்ளை உள்மாநிலக் கட்டணத்தில் படித்தால், மாநிலம் தாண்டும்போது கட்டணம் இரண்டு, மூன்று மடங்காகலாம். "40 சதவீத ஸ்காலர்ஷிப் தருகிறோம்" என்று சொல்லும் வெளிமாநிலக் கல்லூரி, ஸ்காலர்ஷிப்பே இல்லாத உள்ளூர்க் கல்லூரியைவிட அதிகம் பிடுங்கும் வாய்ப்பு நிஜம்.

நான்கு, விசா. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்கு மட்டும். அதைப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

ஐந்து, ரோஸ்டர் இடம், அதாவது அணிப் பட்டியலில் இடம். விளையாட்டு மாணவர்கள் என்சிஏஏ மீது போட்ட ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் ஒப்புதல் பெற்ற சமரசத்துக்குப் பின், அதில் சேர்ந்த கல்லூரிகளில் ஸ்காலர்ஷிப் எண்ணிக்கை வரம்பு போய், அணி அளவு வரம்பு வந்தது. அமெரிக்கக் கால்பந்துக்கு 105, டென்னிஸுக்கு ஆண்கள் 10, பெண்கள் 10. முன்பு ஆண்கள் டென்னிஸில் ஒரு கல்லூரி மொத்தம் 4.5 ஸ்காலர்ஷிப் தான் தரலாம். இப்போது பத்துப் பேருக்கும் முழுதாகத் தர விதி இடம் கொடுக்கிறது. எல்லாக் கல்லூரியிடமும் அதற்குப் பணம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அதே சமயம், ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும் பதினோராவது ஆளுக்கு அங்கே இடமே கிடையாது.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது ஆடலாம் | கடிகாரம் | பணம் | பெரிய கண்ணி |
|---|---|---|---|---|
| அங்கேயே இருப்பது | உடனே, கோச் இறக்கினால் | ஓடும் | ஸ்காலர்ஷிப் புதுப்பிப்பைப் பொறுத்தது | வாய்ப்பே வராமல் சீசன் போவது |
| இன்னொரு டிவிஷன் 1 | உடனே, கிரெடிட் சரியானால் | ஓடும் | கூடலாம், குறையலாம் | 40/60/80 கணக்கு |
| டிவிஷன் 2, 3, என்ஏஐஏ (என்சிஏஏ அல்லாத தனி அமைப்பு) | பெரும்பாலும் உடனே | 10 செமஸ்டர் | 3-ல் விளையாட்டு ஸ்காலர்ஷிப் இல்லை | திரும்ப மேலே ஏறுவது கடினம் |
| இரண்டாண்டுக் கல்லூரி | உடனே | டிவிஷன் 1 கணக்கில் ஓடும் | மலிவு | ஏற்கப்படாத பாடங்கள் |
| பட்டம் முடித்து மாறுவது | உடனே | மிச்சம் இருந்தால்தான் | முதுநிலைக் கட்டணம் | சேர்க்கை கோச் கையில் இல்லை |

## அங்கேயே இருப்பது

பலரும் இதை ஒரு தேர்வாகவே எண்ணுவதில்லை. முதலாண்டு முழுக்கப் போட்டியில் இறங்காமல் பயிற்சி மட்டும் செய்தால் சீசன் செலவாகாது. அதை ரெட்ஷர்ட் என்பார்கள். அமெரிக்கக் கால்பந்தில் நான்கு ஆட்டம் வரை ஆடினாலும் அந்தச் சீசன் கணக்கில் வராது. மற்ற பல விளையாட்டில் ஒரே ஒரு போட்டியில் இறங்கினாலே ஒரு சீசன் போனது. ஆகவே "சும்மா கடைசி மேட்சுக்கு வா" என்று ஏப்ரலில் கோச் கூப்பிட்டால், அதற்குள் ஆடியிருக்கிறோமா என்று பார்த்துக்கொண்டு பதில் சொல்வது நல்லது.

காயம்பட்டவருக்கு இதுதான் நல்ல வழி. சீசனின் முதல் பாதியில் காயம்பட்டு, மூன்று போட்டி அல்லது சீசன் போட்டிகளில் 30 சதவீதம், இதில் எது அதிகமோ அதற்குள் ஆடியிருந்தால், மருத்துவச் சான்றோடு அந்தச் சீசனைத் திரும்பக் கேட்கலாம். சிகிச்சை பார்த்த டாக்டரின் அப்போதைய குறிப்புகள் வேண்டும். மாறிய பின் பழைய கல்லூரியின் பயிற்சி அறையிலிருந்து அந்தக் காகிதங்களை வாங்குவது பெரும்பாடு.

சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன், வர்ஜீனியா பல்கலைக்காக ஆடி 2006-ல் என்சிஏஏ ஒற்றையர் இறுதியில் தோற்றார். 2007, 2008 இரண்டிலும் அதே பல்கலைக்காகப் பட்டம் வென்றார். அன்றைய விதி வேறு, அணியில் அவர் நிலையும் வேறு என்பது உண்மைதான். ஆனாலும் மேல்வரிசையில் ஆட இடம் இருக்கிறது, கோச் சரி, படிப்பு ஓடுகிறது என்றால், வெறும் சலிப்புக்காக மாறுவதில் லாபம் இல்லை.

## இன்னொரு டிவிஷன் 1-க்குத் தாவுவது

வேலை நடக்கும் விதம் இதுதான். விதிமுறைகள் பற்றிய ஒரு சிறு இணையப் பாடத்தை முடித்து, மாறும் எண்ணத்தை உங்கள் கல்லூரியில் விளையாட்டு விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்துக்கு எழுத்தில் தர வேண்டும். இரண்டு வேலை நாளுக்குள் அவர்கள் பெயரைப் போர்ட்டலில் ஏற்ற வேண்டும்; மறுக்க முடியாது. பெயர் ஏறும் வரை மற்றக் கல்லூரியின் கோச் உங்களோடு பேசக் கூடாது, உங்கள் பழைய கிளப் கோச் வழியாகவும் கூடாது. நடைமுறையில் எவ்வளவு பேச்சு நடக்கிறது என்பது ஊரறிந்த ரகசியம். பிடிபட்டால் தண்டனை அந்தக் கல்லூரிக்கு, குழப்பம் உங்களுக்கு.

போர்ட்டல் ஆண்டு முழுக்கத் திறந்திருக்காது. அமெரிக்கக் கால்பந்துக்கு 2026-ல் ஜனவரி 2 முதல் 16 வரை மட்டும். மற்ற விளையாட்டுகளுக்கு அதனதன் சாம்பியன்ஷிப்பை ஒட்டித் திறக்கும். தலைமை கோச் விலகினால் தனியாக ஒரு வாய்ப்பு உண்டு. தேதி தவறினால் கல்லூரி மாறலாம், உடனே ஆட முடியாது.

இதில் மறைந்திருக்கும் செலவு: பெயர் ஏறியதும், நடப்புச் செமஸ்டர் முடிந்தவுடன் உங்கள் ஸ்காலர்ஷிப்பை நிறுத்தப் பழைய கல்லூரிக்கு உரிமை வருகிறது. மனம் மாறிப் பெயரை எடுத்துவிட்டாலும் உங்களைத் திரும்பச் சேர்க்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. "போர்ட்டலில் போட்டுப் பார்ப்போம், வந்தால் மாறுவோம்" என்பது அதனால் ஆபத்தான பேச்சு. அணியில் முதல் மூன்று இடத்தில் ஆடுபவருக்கு அது பொருந்தலாம். எட்டாம் இடத்தில் ஆடுபவருக்கு ஒரு மெயில்கூட வராமல் கோடை முடிந்துபோவதுண்டு.

இன்னொன்று: பல பல்கலைகளில் பட்டத்தின் கடைசி 30 கிரெடிட்டை அங்கேயே எடுக்க வேண்டும் என்ற விதி உண்டு. நான்காம் ஆண்டில் மாறுபவர், ஆட்டத் தகுதி முடிந்த பிறகும் ஒரு செமஸ்டர் கைக்காசு கட்டிப் படிக்க வேண்டி வரும்.

## டிவிஷன் 2, 3, என்ஏஐஏ

"இறங்குகிறோம்" என்ற சொல்லே இந்த வழியைக் கெடுத்து வைத்திருக்கிறது. டிவிஷன் 1-ன் நடுத்தர அணியைத் தோற்கடிக்கும் டிவிஷன் 2 டென்னிஸ் அணிகள் உண்டு. டிவிஷன் 3-ல் எம்ஐடி, எமரி, சிகாகோ பல்கலை எல்லாம் இருக்கின்றன.

டிவிஷன் 2-ல் 40/60/80 கிடையாது. ஆண்டுக்கு 24 கிரெடிட், செமஸ்டருக்கு 9, ஜிபிஏ 2.0, இவற்றை வைத்துத்தான் தகுதி. மேலே சொன்ன இன்ஜினியரிங் மாணவிக்கு இது பெரிய விடுதலை. ஸ்காலர்ஷிப் உண்டு, பெரும்பாலும் பகுதியாகப் பிரித்துத் தருவார்கள். டிவிஷன் 3-ல் விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூடத் தர மாட்டார்கள். மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் தரும் உதவி தான். வெளிநாட்டு மாணவருக்கு வருமான உதவி தராத கல்லூரிகள் நிறைய. என்ஏஐஏ தனி அமைப்பு, தனிப் பதிவு. கடைசி இரண்டு செமஸ்டரில் 24 கிரெடிட் வேண்டும் என்பது அதன் முக்கிய விதி.

இடையில் படிப்பை நிறுத்தியவருக்கு இந்த வழி மிகவும் பொருந்தும். டிவிஷன் 1-ல் ஐந்தாண்டு முடிந்துபோனவர், முழுநேரமாக ஏழு செமஸ்டர் தான் படித்திருந்து, நான்கு சீசனையும் ஆடி முடிக்காமல் இருந்தால், டிவிஷன் 2-ல் அவருக்கு மூன்று செமஸ்டர் மிச்சம்.

## இரண்டாண்டுக் கல்லூரி

ஜூகோ என்று சொல்லப்படும் இரண்டாண்டுக் கல்லூரிக்கு, நாலாண்டுக் கல்லூரியிலிருந்து மதிப்பெண் கெட்டு வெளியே வந்தவர்களும், பள்ளி மதிப்பெண்ணால் என்சிஏஏ முதல் தகுதியே கிடைக்காதவர்களும் போவார்கள். கட்டணம் குறைவு.

பள்ளியிலேயே தகுதி பெற்றவர் அங்கிருந்து டிவிஷன் 1-க்கு வர, குறைந்தது ஒரு முழுநேரச் செமஸ்டர், செமஸ்டருக்குச் சராசரி 12 மாற்றத்தக்க கிரெடிட், அவற்றில் ஜிபிஏ 2.5. தகுதி பெறாதவருக்குக் கடுமை அதிகம்: மூன்று முழுநேரச் செமஸ்டர், அந்தக் கல்லூரியின் பட்டம், 48 மாற்றத்தக்க கிரெடிட். அதில் ஆங்கிலம் 6, கணிதம் 3, இயற்கை அறிவியல் 3. கெடுவது கணிதத்தில்தான். ஆயத்தக் கணித வகுப்பு கல்லூரியில் கிரெடிட் காட்டும், மாற்றத்தில் சேராது. உடற்பயிற்சி வகுப்புகளில் இரண்டு கிரெடிட்டுக்கு மேல் ஏற்க மாட்டார்கள்.

நாலாண்டுக் கல்லூரியிலிருந்து இங்கே வந்து மறுபடி நாலாண்டுக்குப் போக நினைப்பவருக்கு இன்னும் தனி நிபந்தனைகள் உண்டு. போக நினைக்கும் கல்லூரியின் கம்ப்ளையன்ஸிடம் எழுத்தில் வாங்காமல் அதில் இறங்க வேண்டாம். ஜூகோவில் ஆடிய ஆண்டை என்சிஏஏ கணக்கில் சேர்ப்பதற்கு எதிராக, வான்டர்பில்ட் பல்கலையின் அமெரிக்கக் கால்பந்து வீரர் டியகோ பாவியா 2024 டிசம்பரில் பெற்ற நீதிமன்றத் தடைக்குப் பின், ஜூகோவில் ஆடிய சிலருக்கு 2025-26-ல் ஒரு கூடுதல் ஆண்டு கிடைத்தது. அந்த ஓராண்டுச் சலுகையை நம்பி யாரும் திட்டம் போடக் கூடாது.

## பட்டம் முடித்துவிட்டு மாறுவது

ஐந்து வழியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பட்டம் கையில் இருப்பதால் சதவீதக் கணக்கு இல்லை. முதுநிலையில் முழுநேரமாகச் சேர்ந்து, செமஸ்டருக்கு 6 கிரெடிட் தேறினால் போதும். ரெட்ஷர்ட் இருந்தவர், காயத்தால் சீசன் இழந்தவர், மூன்றரை ஆண்டில் பட்டம் முடித்தவர் எல்லாருக்கும் இது பொருந்தும். ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் முதுநிலை மாணவரை ஆட விடுவதில்லை என்பதால், அங்கே சீசன் மிச்சம் வைத்தவர்கள் வேறு இடம் தேடுவது வாடிக்கை.

கண்ணி சேர்க்கையில். இளநிலையில் கோச் ஒரு வார்த்தை சொன்னால் சேர்க்கை அலுவலகம் கேட்கும். முதுநிலையில் முடிவெடுப்பது துறை. டேட்டா சயின்ஸ் மாதிரியான படிப்புகளின் கடைசித் தேதி டிசம்பர், ஜனவரியிலேயே முடிந்திருக்கும்; பல விளையாட்டுகளுக்குப் போர்ட்டல் அதற்குப் பின்தான் திறக்கும். மே மாதம் கோச் கூப்பிடும்போது திறந்திருக்கும் படிப்பு எது என்று பார்த்துச் சேர்ந்தால், ஒரு சீசனுக்காக வேண்டாத முதுநிலைக்குக் காசு கட்டுவீர்கள்.

## விசாக்காரர்கள் கவனிக்க

எஃப்-1 மாணவரின் செவிஸ் பதிவு (அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் தரவுத்தளப் பதிவு) பழைய கல்லூரியிலிருந்து புதியதற்கு ஒரு குறிப்பிட்ட தேதியில் விடுவிக்கப்படும். அந்தத் தேதி கடந்தால் பழைய கல்லூரியால் எதையும் திருத்த முடியாது. கோச் வாயால் சொன்னதை நம்பித் தேதி குறிக்காதீர்கள். கையெழுத்தான ஸ்காலர்ஷிப் ஒப்பந்தம் வந்த பிறகு குறியுங்கள். விடுவித்த நாளிலிருந்து 5 மாதத்துக்குள் புதிய இடத்தில் வகுப்பு தொடங்க வேண்டும். புதிய கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் உள்ள தொடக்கத் தேதியிலிருந்து 15 நாளுக்குள் அங்கே பதிய வேண்டும். செமஸ்டருக்கு 12 கிரெடிட், அதில் ஆன்லைன் வகுப்பு ஒன்றுதான் எண்ணப்படும். குறைந்த கிரெடிட்டை ஈடுகட்ட ஆன்லைனில் நாலு பாடம் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், செமஸ்டர் நடக்கும்போது அது விசாவைப் பாதிக்கும். வருடாந்திரக் கோடை விடுமுறையில் எடுக்கலாம்.

பட்டம் முடித்து ஓபிடி (படிப்புக்குப் பின் தற்காலிகமாக வேலை செய்யும் அனுமதி) வாங்கியவர் செவிஸைப் புதிய கல்லூரிக்கு மாற்றினால் அந்த ஓபிடி அன்றோடு சரி. முதுநிலைக்குப் பின் புதிதாக ஒன்று கிடைக்கும், இளநிலையில் மிஞ்சியது திரும்ப வராது. "எங்களிடம் வந்தால் விளம்பரப் பணமும் உண்டு" என்று ஆசை காட்டும் கல்லூரிகளும் உண்டு. எஃப்-1-ல் இருப்பவர் அமெரிக்க மண்ணில் செய்யும் விளம்பர வேலை, அனுமதியில்லா வேலையாகப் பார்க்கப்படலாம். குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. முதலாண்டு மாணவர் கல்லூரி மாறுவதைக் கட்டுப்படுத்தும் வரைவு விதி ஒன்றை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2025 ஆகஸ்டில் வெளியிட்டது. மாறும் முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் அதன் நிலையைக் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் கல்லூரி சேர்ந்துவிட்டு அமெரிக்கா போக நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சென்னையிலோ கோவையிலோ முழுநேரமாக பி.காம் சேர்ந்த அன்றே ஐந்தாண்டுக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. கல்லூரி அணிக்காக ஆடிய சீசனும் கணக்கில் வரும். மூன்றாண்டு முடித்து முதுநிலைக்குப் போனால் டிவிஷன் 1-ல் அதிகபட்சம் இரண்டு ஆண்டு.

## எந்த வரிசையில் செய்வது

முதலில் மதிப்பெண் பட்டியலையும் ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் பிடிஎஃப்-ஆக எடுத்து வையுங்கள். கல்லூரியை விட்ட பின் லாகின் போய்விடும். அடுத்து, ட்ரான்ஸ்ஃபராலஜி தளத்திலும், போக நினைக்கும் கல்லூரியின் பாட ஒப்பீட்டுப் பட்டியலிலும் ஒவ்வொரு பாடமாகத் தேடுங்கள். இதற்குப் போர்ட்டல் தேவையில்லை, கோச்சும் தேவையில்லை. பொருந்துவதைக் கூட்டி, பட்டத்தின் மொத்தக் கிரெடிட்டால் வகுத்து, சதவீதமாக்கிப் பாருங்கள். மூன்றாம் ஆண்டு தொடங்குபவர் 40-ஐத் தொட்டால் போர்ட்டல். 35-ல் நின்றால் கோடை வகுப்புக்கு எவ்வளவு ஆகும் என்று முதலில் கேளுங்கள்.

போர்ட்டலில் ஏறி, கோச் பேசத் தொடங்கியதும் அவரிடம் மூன்று விஷயம் மெயிலில் வாங்க வேண்டும்: பட்டத்துக்குச் சேரும் கிரெடிட் எத்தனை என்று பதிவாளர் அலுவலகம் தரும் மதிப்பீடு, உடனே ஆடலாம் என்று கம்ப்ளையன்ஸ் எழுதிய வரி, எத்தனை ஆண்டுக்கு எவ்வளவு என்று தொகை போட்ட ஒப்பந்தம். "எங்கள் கம்ப்ளையன்ஸ் ஆள் பார்த்துக்கொள்வார்" என்பது பதிலாகாது. தேசியக் கடிதம் என்று முன்பு கையெழுத்தான காகிதம் 2024 அக்டோபரோடு ஒழிந்தது. இப்போது ஸ்காலர்ஷிப் ஒப்பந்தம்தான் ஒரே பிடி. அது வந்து சேரும் வரை பழைய கல்லூரியின் அடுத்த செமஸ்டர் பாடப் பதிவை நீக்கக் கூடாது.